வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு புதிய கட்டை



துப்பாக்கியைப் பற்றி எழுதும் நாள் ஒன்று வரும் என்று நாம் எண்ணியதில்லை. ஆனால் சென்ற ஓராண்டாக நம் மனத்தை ஆக்கிரமித்திருந்தது ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியும், விரிசல் விட்ட அதன் மரக்கட்டையும்தான். அந்தக் கட்டையை மாற்றுவதா, மாற்றினால் எதை வாங்குவது என்னும் சிறிய கேள்வி, ஓர் உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை என்னும் பெரிய கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

நாம் வாழ்வது அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில். தாயகத்தில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்னும் எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. அது சரியானதே. இங்கு நிலைமை வேறு. ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கியால் மான் வேட்டையாட அரசே அனுமதி வழங்குகிறது. வடபகுதிச் சிற்றூர்கள் சிலவற்றில் முதல் நாளன்று பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. 1960-ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும்; உரிமச் சீட்டு வாங்க வேண்டும்; பிறர் கண்ணுக்குத் தப்பாத செம்மஞ்சள் நிற மேலாடை அணிய வேண்டும். துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்படும் வரி, காட்டுயிர்களைப் பேணும் பணிக்கே செல்கிறது. மான்கள் பெருகிச் சாலையில் வண்டிகளில் மோதி மடிவது இங்கு அன்றாடக் காட்சி. எனவே அளவோடு வேட்டையாடுவதை இவ்வூரார் கொடுமையாகக் கருதுவதில்லை. குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கும் வழியாகவே காண்கின்றனர்.

இந்தப் பழக்கத்துக்கு நம்மை அழைத்துச் சென்றவர் அண்டை வீட்டுப் பெரியவர். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நாம் ஹலாலான இறைச்சிக்காக நெடுந்தொலைவு வண்டி ஓட்டிச் சென்று வருவதைப் பார்த்துவிட்டு, "உங்கள் முறைப்படி நீங்களே வேட்டையாடலாமே" என்று முதலில் சொன்னவர் அவர்தாம். இரண்டு பருவங்கள் நம்மைத் தம்மோடு கூட்டிச் சென்று, காற்றின் திசை பார்த்து உட்காரவும், மானின் தடம் பார்த்து நடக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடாமல் இருக்கவும் கற்றுத் தந்தார். தோள் வலுவிழந்த காலத்தில் தம் துப்பாக்கியைப் பெயருக்கு ஒரு விலை பெற்றுக்கொண்டு சட்டப்படி நமக்கு மாற்றித் தந்தார். அது நடந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அவர் மறைந்து 6 ஆண்டுகள்.

அது ரெமிங்டன் 700 என்னும் வகை. 1962-இல் அறிமுகமாகி இன்றளவும் இந்நாட்டு வேட்டைக்காரர் பலரின் கையில் இருப்பது. பெரியவரின் துப்பாக்கி .30-06 தோட்டாவுக்கானது. அதன் எஃகைவிட மரமே நம் கண்ணைக் கவர்ந்தது. அடர்ந்த பழுப்பு நிற வால்நட் கட்டை. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறி, உள்ளங்கை பட்ட இடமெல்லாம் பளபளத்துக் கிடக்கும். அதைத் தொடும்போதெல்லாம் அவருடைய கையைத் தொடுவது போன்ற உணர்வு எழும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பருவத்தின் கடைசி நாளில் ஓடைக்கரை இறக்கத்தில் கால் வழுக்கி விழுந்தோம். துப்பாக்கியில் தோட்டா இல்லை. நமக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கட்டை ஒரு பாறையில் மோதியது. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தபோது, கை பற்றும் கழுத்துப் பகுதியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. அதைக் கீறல் என்று எண்ணிக்கொண்டோம். எண்ணிக்கொண்டோம் என்பதைவிட, அப்படி எண்ணவே விரும்பினோம் என்பதுதான் உண்மை. கொஞ்சம் எண்ணெய் தடவி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

அடுத்த செப்டம்பரில் பயிற்சித் திடலுக்குச் சென்று குறி பார்த்தோம். வெயில் காய்ந்த நாள். 100 கெஜத்தில் குண்டுகள் வேண்டிய இடத்தில் விழுந்தன. நிம்மதியோடு திரும்பினோம்.

நவம்பர் வந்தது. மூன்று நாள்கள் மழையும் ஈரப்பனியும் மாறி மாறிக் கொட்டின. மூன்றாம் நாள் அஸருக்குப் பின், வெளிச்சம் மங்கத் தொடங்கும் வேளையில், ஏறத்தாழ 110 கெஜத் தொலைவில் ஓர் ஆண் மான் பக்கவாட்டில் வந்து நின்றது. அல்லாஹ்வின் பெயர் கூறி, முன்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே குறி வைத்து விசையை அழுத்தினோம். மான் விழவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு மெல்ல ஓடியது. அந்த ஓட்டத்தைப் பார்த்ததுமே நெஞ்சு கனத்தது. வயிற்றில் அடிபட்ட மான் அப்படித்தான் ஓடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

உடன் வந்த நண்பரோடு இரவு வரை தேடினோம். மழை, இரத்தத் தடத்தைக் கழுவிக்கொண்டே போயிற்று. விளக்கொளியில் கண்ட கடைசித் துளிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மீண்டும் சென்றோம். ஓடையின் ஓரத்தில், கண்ணாடி போல் உறைந்திருந்த மெல்லிய பனிக்கட்டியின் கீழே, பாதி உடல் நீருக்குள் அமிழ்ந்து கிடந்தது அது.

அதை நாம் உண்ண முடியாது. அம்பெய்த பிராணி நீருக்குள் விழுந்து இறந்து கிடந்தால் உண்ணலாகாது, அதைக் கொன்றது நீரா அம்பா என்று அறிய வழியில்லை என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு விளக்கிய செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அன்றுதான் அதன் பொருள் நம் முன்னே குளிர்ந்து கிடந்தது. சட்டப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்தபின், பயன்படக்கூடிய பகுதியை நண்பர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். நாம் வெறுங்கையோடு வீடு திரும்பினோம்.

நடந்ததை இரவு உணவின்போது சொன்னோம். பதினேழு வயது மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வாப்பா, அது ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்குமா?" நம்மிடம் விடை இல்லை. இருந்த விடையைச் சொல்ல நாவு எழவில்லை என்பதே சரி.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சித் திடலுக்குச் சென்றோம். கட்டை இன்னும் ஈரத்தில்தான் இருந்தது. 100 கெஜத்தில் குண்டுகள் ஐந்து அங்குலம் விலகி விழுந்தன. குழல் சூடேற ஏற விலகல் மேலும் கூடியது. துப்பாக்கி பழுது பார்க்கும் கைவினைஞர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் முதலில் தொலைநோக்கியையும் அதைப் பிடித்திருக்கும் வளையங்களையும் சோதித்தார். அவற்றில் குறை இல்லை. பின்பு ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே செருகி இழுத்தார். தடையின்றி வர வேண்டிய தாள் பாதி வழியில் சிக்கியது. ஈரம் குடித்து உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது.

திருகுகளைக் கழற்றி மரத்தை இரும்பிலிருந்து பிரித்தபோது மற்றொன்றும் வெளிப்பட்டது. நாம் கீறல் என்று நம்பியது கீறல் அன்று. கழுத்தில் தொடங்கிய விரிசல், உள்ளே பின்திருகின் துளை வரை ஓடியிருந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு உடற்பகுதி மரத்துக்குள் சற்றே இடம் மாறி அமர்ந்திருக்கிறது. விரிசலின் வழியே ஈரமும் இறங்கியிருக்கிறது. செப்டம்பர் வெயிலில் காய்ந்து கிடந்த கட்டை உண்மையை மறைத்தது. நவம்பர் மழை அதை வெளிப்படுத்தியது.

துப்பாக்கியில் கட்டையின் வேலை கையால் பிடித்துக்கொள்ள இடம் தருவது மட்டும்தான் என்று நாம் எண்ணியிருந்தோம். கைவினைஞர் பொறுமையாக விளக்கினார். குழலும் உடற்பகுதியும் சேரும் இடத்தில் கீழ்நோக்கி நிற்கும் ஓர் எஃகுத் தகடு உண்டு. சுடும்போது பின்னோக்கி வரும் உதை முழுவதையும் அத்தகடுதான் கட்டைக்குக் கடத்துகிறது. அது அமர்ந்திருக்கும் பள்ளம் இம்மியும் அசையக் கூடாது. குழலோ, அதற்கு நேர்மாறாக, எதையும் தொடாமல் நிற்பது நல்லது. ஒன்றை இறுகப் பற்றுவதும் மற்றொன்றைத் தொடாமல் விடுவதும் கட்டையின் இரு கடமைகள். இரண்டிலும் நம் கட்டை தவறிவிட்டது.

இனி என்ன செய்வது? நம் முன் பல வழிகள் இருந்தன.

முதலாவது, பழைய கட்டையையே செப்பனிடுவது. விரிசலுக்குள் எபாக்சிப் பசையைச் செலுத்தி, உள்ளே உலோக ஊசி கோத்து இறுக்கலாம். நம் மனம் இதையே நாடியது. கைவினைஞர் மறுக்கவில்லை, ஆனால், "சுவரில் மாட்டுவதற்கு என்றால் நன்றாகச் செய்து தருகிறேன். மழையில் கொண்டுபோவதற்கு என்றால் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

இரண்டாவது, புதிய வால்நட் கட்டை. எடைக்கு ஏற்ற வலிமை, அதிர்ச்சி தாங்கும் தன்மை, எளிதில் பிளக்காத இழை ஆகியவற்றால் பல தலைமுறைகளாகத் துப்பாக்கிக்கு உகந்த மரமாக வால்நட் கருதப்பட்டு வந்திருக்கிறது. அழகில் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் மரம் மரமே. ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். நம் காடு ஈரக்காடு.

மூன்றாவது, நெகிழியை அச்சில் வார்த்த கட்டை. 1959-இல் ரெமிங்டன் நிறுவனம் நைலான் கட்டையோடு ஒரு சிறு துப்பாக்கியை வெளியிட்டபோது பலர் முகம் சுளித்தார்களாம். இன்று கடைகளில் பெரும்பான்மை இவைதாம். விலை குறைவு, மழைக்கு அஞ்சாது. ஆனால் மலிவானவற்றின் முன்பகுதியை இரு விரலால் நெருக்கினாலே வளைந்து குழலைத் தொடுகிறது. சுடும்போது எதன் மீதாவது சாய்த்துப் பிடித்தால் அந்த வளைவே குறியை மாற்றிவிடக்கூடும். கிளை ஒன்று உரசினால் உள்ளீடற்ற தகரம் போல ஒலிக்கும் குறையும் உண்டு.

நான்காவது, ஃபைபர்கிளாஸ் கட்டை. கண்ணாடி இழையையும் பிசினையும் அடுக்கி உருவாக்குவது. சிலவற்றின் உள்ளே உடற்பகுதி அமர அலுமினியப் பாளம் பதித்திருப்பார்கள். எடை குறைவு, உறுதி அதிகம், ஈரத்தால் மாற்றம் இல்லை. குறை ஒன்றுதான்: நல்லதாக வாங்கினால் அதன் விலையில் வேறொரு துப்பாக்கியே வாங்கிவிடலாம். ஆண்டுக்கு ஒரு மான் வேட்டையாடும் நமக்கு அது தேவையா, வீண்விரயமா என்னும் கேள்வி எழுந்தது.

ஐந்தாவது, லேமினேட் எனப்படும் அடுக்குமரக் கட்டை. பிர்ச் போன்ற மரத்தைக் காகிதம் போல் மெல்லிய தகடுகளாகச் சீவி, பிசினில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பேரழுத்தத்தில் ஒட்டிப் பின் கடைந்தெடுப்பது. ஒரு தகடு வளைய முயன்றால் அடுத்த தகடு அதைத் தடுக்கும். எனவே தனிமரத்தைவிட ஈரத்தை நன்கு தாங்கும். இது புதுமையும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போதே ஜெர்மானியர் தம் மவுசர் துப்பாக்கிகளுக்கு இத்தகைய கட்டைகளைப் பெருமளவில் பயன்படுத்தினர். எடை சற்று அதிகம். நாம் பார்த்தவற்றின் விலை 150 முதல் 250 டாலர் வரை இருந்தது.

அறிவு ஐந்தாவதைச் சுட்டியது. மனமோ முதலாவதை விடவில்லை. பெரியவர் நம்பிக்கையோடு ஒப்படைத்த பொருள் அல்லவா? அவர் எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்த மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுவது நன்றி கொன்ற செயல் அல்லவா? இந்த எண்ணம் பல மாதங்கள் நம்மைச் செயலற்றவராக வைத்திருந்தது. இறுதியில் நம் துணைவியார் சொன்னார்: "இதை நீங்களே பேசிப் பேசித் தீராது. அந்த அம்மாவிடமே போய்ச் சொல்லிவிடுங்கள்."

பெரியவரின் மனைவி இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பிரித்த கட்டையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, குற்றவாளியைப் போல் அவர் முன் அமர்ந்தோம். விழுந்தது, விரிசலைக் கண்டும் காணாதிருந்தது, மான் ஓடையில் கிடந்தது எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கட்டையை மடியில் வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது துப்பாக்கியோடு வந்த கட்டை என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

துப்பாக்கியோடு வந்ததைப் பெரியவர் இளவயதில் மரத்திலிருந்து விழுந்து உடைத்துவிட்டாராம். அக்காலத்தில் மிசௌரி மாநிலத்து வார்சா என்னும் சிற்றூர் துப்பாக்கிக் கட்டைகளுக்குப் பெயர் பெற்றது. பாதி கடைந்த நிலையில் அங்கிருந்து அஞ்சலில் கட்டைகளை வரவழைத்து, எஞ்சிய வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது வேட்டைக்காரரிடையே வழக்கம். அப்படி வரவழைத்த வால்நட் கட்டையை ஒரு குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் வைத்துச் செதுக்கித் தேய்த்தாராம். வீடெங்கும் ஆளி விதை எண்ணெய் மணம். "என் ரொட்டியிலும் மரத்தூள் இருந்தது" என்றார் அம்மையார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தம் கைக்கு ஏற்றபடி செய்துகொண்டார். நேராகச் சுடாத துப்பாக்கியை அவர் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். இந்த மரம் அவருடையது, இங்கேயே இருக்கட்டும். நீங்கள் உங்களுடையதைச் செய்துகொள்ளுங்கள்."

பல மாத பாரம் அந்தச் சமையலறை மேசையிலேயே இறங்கியது. நாம் போற்றிக் காத்த கட்டையே ஒரு மாற்றுக் கட்டை! பெரியவர் நமக்குத் தந்தது மரத்தை அன்று. நேராகச் சுட வேண்டும் என்னும் ஒழுங்கை. மரத்தைக் காத்து ஒழுங்கை நழுவ விட்டிருந்தோம்.

அன்று வீடு திரும்பும்போது நம் வாப்பாவின் நினைவு வந்தது. ஊரில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் மாலை, திண்ணையில் அமர்ந்து சாணைக்கல்லில் கத்தி தீட்டுவார்கள். நெடுநேரம் தீட்டுவார்கள். ஆட்டின் கண்ணில் படாதபடி கொல்லைக்கு முதுகு காட்டி அமர்ந்து தீட்டுவார்கள். எல்லாவற்றிலும் அழகிய முறையைப் பேணுவதை அல்லாஹ் கடமையாக்கி இருக்கிறான், ஆகவே அறுப்பவர் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கத்தி எடுப்பவனுக்குத் தீட்டுதல் எப்படியோ, துப்பாக்கி எடுப்பவனுக்குக் கட்டையைச் சரியாகப் பொருத்துதல் அப்படியே. மழுங்கிய கத்தியோடு ஆட்டின் அருகே செல்லத் துணியாத நாம், மழுங்கிய துப்பாக்கியோடு காட்டுக்குச் சென்றிருக்கிறோம்.

அடுக்குமரக் கட்டை என்று முடிவானது. முடிவுக்குப் பின்னும் வேலை இருந்தது. ஒரே பெயருள்ள துப்பாக்கிக்குள்ளும் வேறுபாடுகள் பல. உடற்பகுதி நெடியதா குறியதா? .30-06 நெடியது; .308 போன்றவை குறியவை. அடியில் திறந்து மூடும் தகடு உண்டா, இல்லையா? குழல் மெலிந்ததா, தடித்ததா? போல்ட் வலப்பக்கமா, இடப்பக்கமா? இந்நான்கில் ஒன்று பிசகினாலும் கட்டை பொருந்தாது. நம் துப்பாக்கிக்கு அடித்தகடு உண்டு. அது இல்லாத வகைக்கான கட்டையின் அடிப்பாகம் மூடியே இருக்கும். விலை குறைவாகக் கிடைத்ததே என்று அப்படிப்பட்ட ஒன்றை வாங்க இருந்தோம். கைவினைஞர் தடுத்திராவிட்டால் பணம் வீணாகியிருக்கும்.

அடுத்தது அளவு. விசையிலிருந்து தோளில் பதியும் கடைசி வரையுள்ள நீளம் கடைக் கட்டைகளில் ஏறத்தாழ 13½ அங்குலம். பெரியவர் ஆறடி உயரத்தவர். தமக்கென அதை 14 அங்குலத்துக்கும் சற்று மேலாக வைத்திருந்தார். நாமோ ஐந்தடி ஐந்து அங்குலம். அதற்கு மேல் குளிர்காலத் தடித்த மேலாடை வேறு. பத்தாண்டுகளாக மற்றொருவரின் அளவுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டிருக்கிறோம்! கன்னம் பதியும் மேடும் நமக்குத் தாழ்வு. தொலைநோக்கிக்கு நேரே கண்ணைக் கொண்டுவரத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. கைவினைஞர் ஓர் எளிய சோதனை சொன்னார். தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, குளிர் மேலாடையோடு நின்று, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திக் கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறக்க வேண்டும். தலையை அசைக்காமலேயே தொலைநோக்கியின் வட்டம் முழுமையாகத் தெரிந்தால் கட்டை உங்களுடையது. நமக்கு அது 12¾ அங்குலத்தில் தெரிந்தது. மகளும் உயர்த்திப் பார்த்தாள். அவளுக்கும் ஏறக்குறைய அதுவே. அவள் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருந்தாள். ஆனால் மானைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பிறகு வேட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கட்டை வந்தது. திருகுகள் செல்லும் துளைகளில் அலுமினியத் தூண்களைப் பதித்து, எஃகுத் தகடு அமரும் பள்ளத்தில் எபாக்சி இட்டு, உடற்பகுதி உள்ளங்கையில் முட்டை அமர்வது போல் அமரும்படி செய்தார் கைவினைஞர். முன்கட்டையில் குழல் எதையும் தொடாதபடி இழைத்தார். அறுத்த முனைகளிலும் உட்பள்ளங்களிலும் ஈரம் புகாதபடி பூச்சுப் பூசும் வேலையை நமக்கு விட்டார். வெளியே பளபளப்பாக இருந்தாலும், பூச்சு இல்லாத உட்புறத்தின் வழியேதான் ஈரம் குடியேறும் என்றார். திருகுகளை வெறுங்கைப் பலத்தால் முடுக்காமல், அளவு காட்டும் முடுக்கியால் கட்டையோடு வந்த தாளில் குறித்திருந்த அளவுக்கே முடுக்கினோம்.

இம்முறை வெயில் நாளின் சான்றை மட்டும் நம்பவில்லை. முதலில் குறியை நேர்ப்படுத்தினோம். பிறகு தனியே கழற்றிய கட்டையை ஓர் இரவும் பகலும் மழையில் விட்டு, மீண்டும் பூட்டி, அதே தொலைவில் சுட்டோம். குண்டுகள் பழைய இடத்தை விட்டு விலகவில்லை. டாலர் நோட்டு தடையின்றி வழுக்கிச் சென்றது. அக்டோபர் முழுவதும் வாரத்துக்கு ஒரு நாள், அமர்ந்தும் மண்டியிட்டும் பழகினோம். 100 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று ஒரு வரம்பும் வகுத்துக்கொண்டோம்.

சென்ற நவம்பரில் காட்டுக்குக் கிளம்பும் முன்னிரவு மகள் வந்து, "நானும் வரட்டுமா, வாப்பா? சுட மாட்டேன். பார்க்கிறேன்" என்றாள். இருவரும் சென்றோம். முதல் நாள் மாலை, வரம்புக்கு அப்பால் ஒரு மான் நின்றது. சுடவில்லை. இரண்டாம் நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, ஏறத்தாழ 70 கெஜத்தில் ஒரு மான் பக்கவாட்டில் நின்றது. பிஸ்மில்லாஹ் கூறிச் சுட்டோம். இருபது அடி எடுத்து வைக்கும் முன் விழுந்தது. ஓடிச் சென்றபோது உயிர் இன்னும் அடங்கவில்லை. முதல்நாள் இரவு தீட்டிவைத்த கத்தியால், மீண்டும் அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்தோம். மகள் அதன் தலைமாட்டில் மண்டியிட்டு, அசைவு நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த இறைச்சியில் ஒரு பங்கை அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவரின் கட்டை அவர் வீட்டு அடுப்படியில், அதைச் செய்த மேசைக்கு மேலே, இரண்டு ஆணிகளில் மாட்டப்பட்டிருக்கிறது.

இத்தகைய நிலையில் இருக்கும் சகோதரர்களுக்கு நம் அனுபவத்திலிருந்து சில சொற்கள்:

1. கட்டையில் கோடு தெரிந்தால் அதைக் கீறல் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். கழற்றி உள்ளே பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

2. நீங்கள் வேட்டையாடும் பருவநிலையிலேயே குறியைச் சோதியுங்கள். வெயிலில் பெற்ற சான்று மழைக்குச் செல்லாது.

3. அழகையும் விலையையும் கடைசியில் பாருங்கள். முதலில் பொருந்துகிறதா, அசையாதிருக்கிறதா, ஈரம் தாங்குகிறதா, உங்கள் உடலுக்கு அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். தேவைக்கு மேல் செலவிடுவதும் தவறு. தேவையில் கஞ்சத்தனம் காட்டுவதும் தவறு.

4. துப்பாக்கிக் குண்டால் உயிர் நீத்த பிராணியைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் பின்பற்றும் அறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கூர்மையான கத்தி எப்போதும் உங்களோடு இருக்கட்டும்.

ஓடையில் கிடந்த அந்த மானை நாம் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை. நம் அலட்சியத்தால் ஓர் உயிர் பட்ட வேதனைக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கோருகிறோம். வாயற்ற உயிர்களின் விஷயத்தில் அவனை அஞ்சி நடப்போராக நம் அனைவரையும் அவன் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.